‘தி ஷெப்பர்ட்’: கிறிஸ்துமஸ் இரவில் வழி தவறிய விமானம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? எந்தக் கதையிலிருந்து எடுத்தது?

‘தி ஷெப்பர்ட்’ 2023 டிசம்பர் 1 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான பிரிட்டிஷ் குறும்படம். ஓடும் நேரம் 40 நிமிடத்துக்குள். இயக்கியவர் இயன் சாஃப்ட்லி. ‘ரோமா’, ‘கிராவிட்டி’ படங்களின் இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் தயாரிப்பாளர்களில் ஒருவர். பென் ராட்கிளிஃப் இளம் விமானியாகவும், ஜான் ட்ரவோல்டா ஜானி கவனா என்ற பாத்திரத்திலும் நடித்திருக்கிறார்கள்.

மூலக்கதை ஃபிரடெரிக் ஃபோர்சைத் எழுதியது. 1975இல் படங்களோடு சின்னப் புத்தகமாக வெளிவந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அளவில் நீண்ட சிறுகதை என்றோ குறுநாவல் என்றோ சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில், குறிப்பாகக் கனடாவிலும் பிரிட்டனிலும், கிறிஸ்துமஸ் வந்தால் எடுத்துப் படிக்கும் கதைகளில் இதுவும் ஒன்று.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

1957 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. ஜெர்மனியில் செல்லே என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் விமானத் தளம். இருபது வயதுப் பையன் ஒருவன் பண்டிகை விடுமுறைக்கு வீடு திரும்புகிறான். அவனுக்குக் கிடைத்தது ஒற்றை இருக்கை ‘வாம்பயர்’ ஜெட் போர்விமானம். வட கடலைத் தாண்டி கிழக்கு இங்கிலாந்தில் லேக்கன்ஹீத் தளத்தில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம், அவ்வளவுதான். தொட்டியில் அதற்கு மேலும் கொஞ்சம் எரிபொருள் இருக்கிறது. வானம் தெளிவு, நல்ல நிலா. கவலைப்பட ஒன்றுமில்லை.

கடலுக்கு மேலே வந்த பிறகு திசைகாட்டி தாறுமாறாக ஆடுகிறது. ரேடியோவை எடுத்தால் அதுவும் பேசவில்லை. மின்சுற்று மொத்தமும் செத்துப்போயிருக்கிறது. இதற்கிடையில் கீழே கிழக்கு இங்கிலாந்து முழுவதையும் மூடுபனி போர்த்திவிட்டது. கரை எங்கே, தளம் எங்கே, ஒன்றும் தெரியாது. எரிபொருள் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்த நேரத்தில் நிலவொளியில், வெள்ளைப் பனிப்பரப்பின் மேல் கறுப்பு நிழல் ஒன்று நகர்கிறது. பழைய விமானம் ஒன்று அவனுக்குக் கீழே பறந்துகொண்டிருக்கிறது. ‘என் பின்னால் வா’ என்கிற மாதிரி சைகை காட்டுகிறது. மீதிக் கதை அதற்குப் பிறகுதான்.

கிறிஸ்துமஸுக்கும் பேய்க்கதைக்கும் என்ன சம்பந்தம்?

நம்மில் பலருக்கு கிறிஸ்துமஸ் என்றால் நட்சத்திர விளக்கும் கேக்கும் நள்ளிரவு ஆராதனையும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அதோடு ஆவிக் கதையும் சேர்ந்தே வரும். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்வது நீண்ட காலப் பழக்கம். 1843இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’கூட ஆவிகள் வந்து ஒரு கஞ்சனைத் திருத்துகிற கதைதானே. கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களைக் கூட்டித் தான் எழுதிய ஆவிக் கதைகளை வாசித்துக் காட்டுவார். 1970களில் பிபிசி அந்தப் பழக்கத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது.

ஃபோர்சைத்தின் கதையும் அந்த வரிசையில் வருவதுதான். அவருடைய மனைவி கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆவிக் கதை கேட்டார், அவருக்காகவே இதை எழுதினார் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற செய்தி. பாழடைந்த பங்களா, முனகும் கதவு என்று பழைய சாமான்களைத் தொடாமல், ஆவிக் கதையை நேரே ஒரு ஜெட் விமானத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

ஃபோர்சைத் த்ரில்லர் எழுத்தாளர் ஆயிற்றே? அவருக்கு இது எப்படி வந்தது?

‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ 1971, ‘தி ஒடெஸா ஃபைல்’ 1972, ‘தி டாக்ஸ் ஆஃப் வார்’ 1974. இந்த மூன்றையும் முடித்த கையோடு எழுதியது இது. கூலிக் கொலைகாரன், நாஜிகள், கூலிப்படை என்று எழுதியவர் திடீரென்று மென்மையான கதையை எழுதிவிட்டாரே என்று தோன்றலாம். அடிப்படை முறை மட்டும் மாறவே இல்லை. ஜக்கால் போலிக் கடவுச்சீட்டு வாங்கும் விதத்தை எப்படிப் படிப்படியாகச் சொல்கிறாரோ, அதே பொறுமையோடு இங்கே ஒரு விமானி செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

அது கேள்வி அறிவில் வந்ததும் அல்ல. 1938இல் கென்ட் மாவட்டத்தில் ஆஷ்ஃபோர்டில் பிறந்த ஃபோர்சைத், பத்தொன்பது வயதிலேயே பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாகிவிட்டார். அவர் ஓட்டியதும் வாம்பயர்தான். படையை விட்டு வெளியே வந்து பத்திரிகையாளராக முதலில் வேலை பார்த்தது நார்ஃபோக் பக்கத்தில். ஆகவே கதையில் வரும் விமானம், கடல், பனி, கைவிடப்பட்ட ஓடுபாதைகள் எல்லாமே அவர் கண்ணால் கண்டவை. 2025 ஜூன் மாதம் தன் 86ஆம் வயதில் காலமானார். தன் கதை படமானதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மின்சாரம் போனால் எஞ்சின் நின்றுவிடாதா?

நிற்காது. ஜெட் எஞ்சினைக் கிளப்பத்தான் தீப்பொறி வேண்டும். எரிய ஆரம்பித்துவிட்டால் எரிபொருளும் காற்றும் வந்துகொண்டிருக்கும் வரை அது பாட்டுக்கு எரியும். உயரமானியும் வேகமானியும் காற்றழுத்தத்தால் வேலை செய்பவை; அவையும் உயிரோடு இருக்கும். போனவை ரேடியோ, திசைகாட்டி, விளக்குகள்.

கதையின் கொடுமையே இதில்தான் இருக்கிறது. விமானம் நன்றாகப் பறக்கிறது. எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். எங்கே போகிறோம் என்பது மட்டும் தெரியாது, யாரையும் கேட்கவும் வழியில்லை.

பாராசூட்டில் குதித்திருக்கலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. ஃபோர்சைத்தும் இதை எதிர்பார்த்து, கதைக்குள்ளேயே பதில் சொல்லிவிடுகிறார்.

வாம்பயரின் உடல் சின்னது. இறக்கைகளிலிருந்து பின்பக்கமாக இரண்டு நீண்ட தண்டுகள் போகும். அவற்றின் நுனியை இணைத்தபடி குறுக்கே வால் இறக்கை இருக்கும். விமானி எழுந்து குதித்தால் காற்று அவனைப் பின்னுக்குத் தள்ளும், அந்த வாலில் போய் மோதுவான். ஒற்றை இருக்கை வாம்பயரில் விமானியை வெளியே வீசும் எஜெக்ஷன் இருக்கையும் கிடையாது. தப்பித்தவறி உயிரோடு வெளியேறினாலும் கீழே இருப்பது டிசம்பர் மாத வட கடல். அந்தக் குளிரில் மனிதன் நெடுநேரம் தாங்க மாட்டான். ஆளில்லாத விமானம் ஏதாவது ஊரின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்கிற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

அவன் ஏன் வானத்தில் முக்கோணம் போடுகிறான்? படத்தில் சரியாகப் புரியவில்லை.

ரேடியோ செத்துப்போன விமானி உதவி கேட்பதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒரே இடத்தில் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம், அப்புறம் திருப்பம். தரையிலுள்ள ரேடார் திரையில் எல்லா விமானமும் நேர்கோட்டில் ஊர்ந்துபோகும்போது, ஒரு புள்ளி மட்டும் விசித்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் பணியிலிருப்பவர் கண்ணில் படும். வழி தவறிய, பேச முடியாத விமானம் என்று அவருக்குப் புரியும். உடனே இன்னொரு விமானத்தை மேலே அனுப்புவார். அந்த விமானம் இவன் பக்கத்தில் வந்து, இறக்கையோடு இறக்கை ஒட்டியபடி கீழே அழைத்துக்கொண்டு போகும். அப்படி வரும் விமானத்தைத்தான் விமானிகள் ‘ஷெப்பர்ட்’, அதாவது மேய்ப்பர், என்பார்கள்.

ஆனால் கிறிஸ்துமஸ் இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரம். ரேடார் அறையில் ஆள் இருப்பாரா? இருந்தாலும் திரையைப் பார்ப்பாரா? பையனுக்கு எஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். முக்கோணம் போடப் போட எரிபொருள் குறைகிறது. போடாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கதையின் மிக இறுக்கமான பக்கங்கள் இவை. படத்தில் இந்தக் கட்டம் வேகமாகக் கடந்துவிடுவதால் பலருக்குப் புரியாமல் போகிறது.

பனிதானே, அதற்குள்ளேயே இறங்க முடியாதா?

இன்றைய பெரிய விமானங்கள் தானியங்கிக் கருவிகளின் உதவியோடு அடர்ந்த பனியிலும் இறங்குகின்றன. 1957இல் ஒரு போர்விமானத்துக்கு அது இல்லை. தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர் ரேடாரைப் பார்த்து, ‘கொஞ்சம் இடது, கொஞ்சம் இறக்கு’ என்று ரேடியோவில் சொல்லச் சொல்ல விமானி இறங்குவார். ரேடியோவே இல்லாதவனுக்கு அந்த வழியும் அடைபட்டது. கூடவே பறக்கும் மேய்ப்பர் விமானம் அந்தக் கட்டளைகளைக் கேட்டு இறங்கும். இவன் அதன் இறக்கையை விடாமல் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். தரை கண்ணுக்குத் தெரியும்போது கிட்டத்தட்ட தரையில்தான் இருப்பான்.

கிழக்கு இங்கிலாந்து தட்டையான நிலம், பக்கத்திலேயே குளிர்ந்த கடல். பனி சேர்ந்துவிட்டால் ஒரே நேரத்தில் எல்லா விமானத் தளங்களும் மூடிக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் இது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்றால், ஓடுபாதையின் இருபுறமும் குழாய் போட்டுப் பெட்ரோலை எரித்து, அந்த வெப்பத்தால் பனியை விலக்கினார்கள். ஃபைடோ என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். எரிபொருளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் பெட்ரோலைக் கொட்டி எரித்தார்கள் என்றால், மேலே பனிக்குள் சிக்கியவர்களின் உயிரை எப்படி மதித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வந்தது ஏன் ஒரு மாஸ்கிட்டோ விமானம்?

மாஸ்கிட்டோ 1940இல் முதலில் பறந்த, இரண்டு எஞ்சின் கொண்ட, பெரும்பாலும் மரத்தால் செய்த விமானம். போரின் வேகமான விமானங்களில் ஒன்று. 1957இல் அதன் காலம் முடிந்துவிட்டது. அதனால்தான் ஒரு ஜெட் விமானியை அழைத்துப்போக அது வந்து நிற்பது முதல் கணத்திலேயே விநோதமாக இருக்கிறது. பையனும் யோசிக்கிறான், தனக்குத்தானே நியாயமான காரணங்கள் சொல்லிக்கொள்கிறான்.

வாம்பயரும் மாஸ்கிட்டோவும் ஒரே நிறுவனத்தின், டி ஹாவிலண்டின், தயாரிப்புகள். வாம்பயரின் முன்பகுதிகூட மரப்பலகையால் ஆனதுதான். ஒரே பட்டறையில் பிறந்த அண்ணனும் தம்பியும் மாதிரி அவை நிலவொளியில் பக்கத்தில் பக்கத்தில் பறக்கின்றன. படத்தில் அந்தக் காட்சிகள் நன்றாகவே வந்திருக்கின்றன. மேலே நிலா, கீழே பனிக்கடல், நடுவில் இரண்டு சின்ன விமானங்கள். கூடிய வரை பெரிய திரையில் பாருங்கள்.

முடிவு என்ன? (படம் பார்க்காதவர்கள் இந்தக் கேள்வியையும் அடுத்த மூன்றையும் தாண்டிவிடுங்கள்.)

மாஸ்கிட்டோ அவனைப் பனிக்குள் இறக்குகிறது. கடைசி நேரத்தில் ஓடுபாதை விளக்குகள் தெரிகின்றன. இறங்குகிறான், பிழைக்கிறான். மாஸ்கிட்டோ மறுபடி மேலேறி மறைந்துவிடுகிறது. அதன் மூக்கில் ‘ஜே கே’ என்ற இரண்டு எழுத்துகளை அவன் பார்த்திருக்கிறான்.

வந்து சேர்ந்த இடம் மின்டன் என்ற நிலையம் (கற்பனை ஊர்). போர்க்காலத்தில் பரபரப்பாக இருந்த தளம். இப்போது வெறும் சரக்குக் கிடங்கு. பொறுப்பிலிருக்கும் மார்க்ஸ் என்ற வயதான அதிகாரியும் ஜோ என்ற பணியாளரும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டு, பழைய விளக்குகளின் இணைப்பு துண்டிக்கப்படவில்லை என்பது நினைவுக்கு வர, மார்க்ஸ் ஓடிப்போய் அவற்றைப் போட்டிருக்கிறார். சரி, அப்படியானால் மேய்ப்பர் விமானத்தை யார் அனுப்பியது? தொலைபேசியில் விசாரிக்கிறான். யாரும் அனுப்பவில்லை. மின்டனில் ரேடாரும் கிடையாது.

ஜோ அவனை ஒரு பழைய அறையில் தங்கவைக்கிறார். சுவரில் ஒரு விமானியின் படம், அருகே ‘ஜே கே’ எழுதிய மாஸ்கிட்டோ. அது ஜானி கவனா என்கிறார் ஜோ. எதிரி நாட்டின் மேல் குண்டு வீச வழிகாட்டிப் போகும் பாத்ஃபைண்டர் படையைச் சேர்ந்தவர். மற்றவர்கள் திரும்பி வந்து படுக்கப் போன பிறகும், இவர் மறுபடி எரிபொருள் நிரப்பிக்கொண்டு தனியாகக் கடல் மேல் போவார். அடிபட்டு, ரேடியோ இழந்து, தட்டுத் தடுமாறி வரும் குண்டுவீச்சு விமானங்களைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வருவார். ஆக, அவர் இன்னமும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று பையன் சந்தோஷப்படும்போதுதான் ஜோ சொல்கிறார்: கவனா கடைசியாகப் போனது 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. திரும்பி வரவில்லை. இன்றோடு சரியாகப் பதினான்கு வருடம்.

அப்படியானால் வந்தது ஆவியா, அவனுடைய பிரமையா?

கதை ஒன்றையும் உறுதியாகச் சொல்வதில்லை. உயரத்தில் பயமும் குளிரும் சேர்ந்து மனம் உருவாக்கிய தோற்றம் என்று வாதிடலாம். அப்படியென்றால் கண் தெரியாத பனிக்குள் ஓடுபாதையை நேராகக் கண்டுபிடித்தது யார்? கவனாவின் படத்தை அவன் பார்த்தது அப்புறம்தானே. அந்த எழுத்துகளை முன்கூட்டியே எப்படிப் பார்த்தான்?

என்னைக் கேட்டால், ஆவி என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆவிக் கதைகளில் செத்தவர்கள் பழிவாங்கவோ பாவத்தைச் சொல்லவோ திரும்பி வருவார்கள். கவனா வருவது வேலை பார்க்க. உயிரோடு இருந்தபோது செய்த அதே வேலை, அதே கவனம். பயமுறுத்துவதில்லை, பேசுவதுகூட இல்லை. கைச்சைகை காட்டுகிறார், இறக்கிவிடுகிறார், போய்விடுகிறார். ஒருவருடைய நல்ல குணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவர் தன் தொழிலை இன்னொருவருக்காக ஒழுங்காகச் செய்வதில்தான் இருக்கிறது என்று இந்தக் கதை நம்புகிறது. ஃபோர்சைத் அத்தனை தொழில்நுட்ப விவரத்தையும் அடுக்கியதன் பலன் அங்கே தெரிகிறது. முக்கோணம், எரிபொருள், பனி எல்லாம் புரிந்த வாசகருக்குத்தான் கவனா செய்த உதவியின் கனம் புரியும்.

பெத்லகேம் மேய்ப்பர்களோடு தொடர்பு உண்டா?

நேரடியாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் மேய்ப்பர்கள் இராத்திரியில் கண்விழித்து மந்தையைக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் இயேசு பிறந்த செய்தி அவர்களுக்கு வந்தது என்று லூக்கா நற்செய்தி சொல்வதைக் கிறிஸ்துமஸ்தோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஊரே தூங்கும் இரவில் ஒருவர் மட்டும் விழித்திருந்து வழி தவறிய ஒன்றைத் தேடிப் போவது எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்ற சங்கீதமும் மனதில் ஓடும். அதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது ஃபோர்சைத்தின் நல்ல முடிவு.

உண்மைச் சம்பவமா?

இல்லை. கவனாவும் மின்டனும் கற்பனை. பின்னணி மட்டும் முழுக்க உண்மை. பாத்ஃபைண்டர் படை 1942 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மாஸ்கிட்டோக்களை அது பயன்படுத்தியது. போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்த விமானக் குழுவினர் 55,573 பேர். அவர்களில் பலர் திரும்பி வரும் வழியில் கடலில் விழுந்தவர்கள், கல்லறைகூட இல்லாதவர்கள். அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கவனாவின் படம் மாட்டிய அந்தச் சின்ன அறையின் அர்த்தம் பெரிதாகிவிடும்.

படம் கதையிலிருந்து எங்கே விலகுகிறது?

கதையில் விமானிக்குப் பெயரே இல்லை. ‘நான்’ என்று அவனே சொல்கிறான். படத்தில் அவன் ஃபிரெடி. காத்திருக்கும் காதலி ஒருத்தியும் சேர்க்கப்பட்டிருக்கிறாள். எதற்காக உயிர் பிழைக்க வேண்டும் என்று பார்வையாளருக்குக் காட்ட அது உதவலாம். எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. இருபது வயதுப் பையன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகிறான். அதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடக்கிறது. கதை முழுக்க அவன் தலைக்குள் ஓடுகிறது: கணக்கு, பயம், கோபம், பிரார்த்தனை. ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிய நடிகரின் கண்களை மட்டும் வைத்து அதையெல்லாம் காட்ட வேண்டும். பென் ராட்கிளிஃப் நன்றாகவே முயன்றிருக்கிறார். ஆனாலும் எழுத்து தரும் இறுக்கத்தில் பாதிதான் திரைக்கு வருகிறது. மாறாக, தனிமை கதையைவிடப் படத்தில் கூடுதலாகத் தெரிகிறது. அந்தப் பரந்த வெண்மைக்கு மேல் ஒரு புள்ளியாக விமானம் போகும் காட்சியை எந்தப் பத்தியாலும் தர முடியாது.

ட்ரவோல்டா இந்தப் படத்துக்குள் எப்படி வந்தார்?

அவரும் விமானிதான். போயிங் 707 ஒன்றையே சொந்தமாக வைத்திருந்து தானே ஓட்டியவர். இந்தக் கதையின் மேல் அவருக்கு நீண்ட நாள் ஆசை. பல ஆண்டுகளுக்கு முன்பே படமாக்கும் உரிமையைப் பெற்று, இளம் விமானியாகத் தானே நடிக்க நினைத்திருந்தார். காலம் ஓடிவிட்டது. கடைசியில் வழிகாட்டும் கவனாவாக வந்தார். அவர் வரும் நேரம் கொஞ்சம்தான்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கதையில் மாஸ்கிட்டோ விமானியின் முகம் தெரியாது. தோல் தொப்பியும் கண்ணாடியும் மூடிய ஒரு தலை மட்டும் தெரியும். சுவரொட்டியிலேயே உலகறிந்த முகத்தைப் போட்டுவிட்டால், கடைசியில் வரும் புகைப்படத்துக்கு அதிர்ச்சி எங்கிருந்து வரும்? படம் உருவாகக் காரணமாக இருந்தவர் என்ற நன்றி எனக்கு உண்டு. தெரியாத முகமாக இருந்திருந்தால் முடிவு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

ஏன் முழுநீளப் படமாக எடுக்கவில்லை?

எடுக்காமல் விட்டதே நல்லது. ஒரு பயணம், ஓர் ஆபத்து, ஒரு திருப்பம், கதை அவ்வளவுதான். இதை இரண்டு மணி நேரம் இழுத்தால் முன்கதை, பின்கதை, வில்லன் எல்லாம் நுழைந்துவிடும். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடத்துக்குள் இருந்தால்தான் குறும்படம். இந்தப் படம் நடிகர்கள் நடித்த குறும்படங்களுக்கான ஆஸ்கர் பிரிவில் முதற்கட்டத் தேர்வுப் பட்டியல் வரை போனது; இறுதிப் பரிந்துரை கிடைக்கவில்லை. குவாரோன் டிஸ்னிக்காக ஆண்டு இறுதியில் இப்படிக் குறும்படங்களைத் தயாரித்துவந்தார். 2022இல் வந்த ‘லே பூப்பில்லே’யும் அவற்றில் ஒன்று, அது ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கனடாவில் வானொலியில் வாசிப்பார்களாமே?

ஆமாம். சிபிசி வானொலியின் ‘ஆஸ் இட் ஹாப்பன்ஸ்’ நிகழ்ச்சியில் ஆலன் மெய்ட்லண்ட் 1979இல் இந்தக் கதையை வாசித்தார். நேயர்களுக்குப் பிடித்துப்போய், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒலிபரப்புவது வழக்கமானது. மெய்ட்லண்ட் 1999இல் இறந்துவிட்டார். ஒலிப்பதிவு மட்டும் இன்றும் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. கடைசி விமானத்தில் போன கவனாவைப் போல, போய்விட்ட ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகிறார் என்று அங்கே பலருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

டொரொன்டோவில் இருக்கும் நம்மவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் இதைக் கேட்கலாம். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மெய்ட்லண்ட் அவசரப்படவே மாட்டார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. ரத்தமோ அருவருப்போ இல்லை, திடீரென்று அலறவைக்கும் காட்சியும் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட, விமானம் என்றால் கண் விரியும் பிள்ளையாக இருந்தால் மிகவும் பிடிக்கும். சின்னக் குழந்தைகள் பொறுமை இழக்கலாம்; பேச்சு குறைவு, நிதானமான படம். முக்கோண விஷயத்தை மட்டும் முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து காட்டிவிடுங்கள்.

முதலில் படிப்பதா, பார்ப்பதா?

படியுங்கள், அல்லது யாராவது படிக்கக் கேளுங்கள். திருப்பத்தை எழுத்தில் சந்திப்பதுதான் நியாயம். அப்புறம் நிலவையும் பனியையும் பார்க்கப் படத்துக்கு வாருங்கள். ஏற்கெனவே படத்தைப் பார்த்துவிட்டவர்களும் கதையை விட்டுவிட வேண்டாம். முடிவு தெரிந்த பிறகும் எரிபொருள் முள் இறங்கும் பக்கங்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதே மாதிரி கிறிஸ்துமஸ் சிறுகதையிலிருந்து வந்த வேறு படங்கள்?

இரண்டைச் சொல்கிறேன். ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் தன் சிறுகதை ஒன்றைப் பதிப்பிக்க ஆளில்லாமல், 1943இல் தானே அச்சிட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார். அதுதான் 1946இல் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ ஆனது. இன்னொன்று நம் நாட்டுப் படம்: ரிதுபர்ணோ கோஷ் 2004இல் எடுத்த ‘ரெயின்கோட்’. ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’ கதையின் சாரத்தை எடுத்து, கிறிஸ்துமஸை விட்டுவிட்டு, கொல்கத்தாவின் மழைநாள் ஒன்றில் வைத்தார். ஐஸ்வர்யா ராயும் அஜய் தேவ்கனும் ஒரு பழைய வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பொறுமையாகப் பார்த்தால், கடைசிப் பத்து நிமிடங்களில் ஓ. ஹென்றி வந்துவிடுவார்.